வாசல் சரிவு

“அண்ணே, நம்ம கொளஞ்சியைப் பொண்ணு பாக்க வர்ற அரியலூர் மாப்பிள்ளை ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்காரு. தரையோட தரையாப் போகும். உங்க வாசல் கல்லுல அடி ஒரசிடும், பாத்துக்குங்க,” என்றான் எதிர்வீட்டில் இருக்கும் தம்பி பூமாலை.

கொளஞ்சியின் அப்பா சாமிதுரை அன்றைக்கே கல்லைப் பெயர்த்துவிட்டு, சிமெண்டில் சரிவு போட்டார்.

வெள்ளிக்கிழமை வந்த கார், ஒரு உரசல் இல்லாமல் சரிவில் ஏறியது. சாமிதுரை கைகூப்பிக்கொண்டு ஓடினார்.

கார் கொளஞ்சி போட்ட கோலத்தை மிதித்தபடி பின்னால் நகர்ந்து, திரும்பி, எதிர்வீட்டு வாசலில் போய் நின்றது. இறங்கியவர்களைப் பூமாலையின் மனைவி தட்டோடு வரவேற்றாள்.

“என்னடா இது?”

“ஜாதகம் எம்மவளுக்குத்தாண்ணே பொருந்துச்சு.”

“அப்புறம் எதுக்குடா என்னைச் சரிவு போடச் சொன்ன?”

“இந்தச் சந்துல கார் திருப்ப உங்க வாசலை விட்டா வேற எடம் ஏதுண்ணே?”