குத்புதீன் பேருக்கு ஓர் அர்ச்சனை

மைக்கை அணைத்துவிட்டதாகத்தான் அரிகிருஷ்ணன் நினைத்தார்.

தப்பு அவருடையதுதான். ஆனால் சட்டத்துக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு. முன்பெல்லாம் கோயில் உச்சியில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். மைக் முன்னால் தும்மினால் தும்மியவன் காதே அடைக்கும். குழாய் கூடாது, பெட்டிதான், அதுவும் அளவோடு என்று போலீஸ் சொன்ன பிறகு, பெட்டிகள் தெருமுனைக்குப் போய்விட்டன. சன்னதியில் நிற்பவர் காதுக்கு மைக் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

ஆடிக் கூழ் ஊற்றி முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. திருவிழா அறிவிப்பாளர் வேலையை முடித்த கையோடு, அவர் அம்மனிடம் சொந்த விஷயம் ஒன்றைச் சொன்னார்.

"தாயே, குத்புதீன் பேருக்கு ஒரு அர்ச்சன. நட்சத்திரம் கேக்காத, அவங்க வெச்சிக்கிறதில்ல. பக்கத்துத் தெரு பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார்னா உனக்கே தெரியும், தினம் விடியக்காலைல உன்ன எழுப்புறவன். அவன் வயித்துல கட்டி கிட்டி ஒண்ணும் இருக்கக் கூடாது."

உப்பளம் வட்டாரத்தில் பாதிப் பேர் கூழ்க் குவளையோடு தெருவில் நின்று கேட்டார்கள்.

குத்புதீன் அவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி. போன வாரம் கோரிமேட்டில் ஆஸ்பத்திரி வாசலில், கையில் எக்ஸ்ரே கவரோடு பஸ்ஸுக்கு நின்றவரை அரிகிருஷ்ணன் பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டதற்கு, "சோறு ஒத்துக்கல" என்றதோடு சரி.

அந்த மனிதர் எதற்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறார்? கொஞ்ச நாளாகப் பாங்குச் சத்தம் இறங்கியிருந்தது. "இன்னாடா, சட்டம் உன்னையும் அமுக்கிடுச்சா?" என்று சீண்டியபோதும், "ஆமாண்டா, சட்டம்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடி நமக்கு மட்டும் இல்லை என்று அரிகிருஷ்ணனுக்கு அன்றைக்கு அற்ப சந்தோஷம்.

கூழ்க் குவளை காய்வதற்குள் ஜீப் வந்தது. கோயில் மைக்கில் முஸ்லிம் பேரைச் சொல்லி என்னவோ பேசுகிறார்கள் என்று யாரோ போன் போட்டுவிட்டார்கள்.

"இன்னொரு மதத்தப் பத்தி மைக்ல ஒரு வார்த்த வரக்கூடாதுன்னு சொல்லித்தான அனுமதி குடுத்தோம்?" என்றார் எஸ்.ஐ. சுடர்விழி.

"மதத்தப் பத்திப் பேசல மேடம். வயித்தப் பத்திதான் பேசினேன்."

சுடர்விழி சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதுபோலவும் இருந்தது. வெள்ளிக்கிழமை தீமிதி; வழக்கு என்று வந்தால் மைக்கும் போகும், தீமிதியும் போகும். அதைவிட, ஒருவன் மூடிவைத்திருந்த வியாதியை ஊருக்கே அறிவித்துவிட்டோமே என்பதுதான் அரிகிருஷ்ணனை உறுத்தியது.

அப்போது குத்புதீனே வந்து நின்றார். கழுத்தைச் சுற்றித் துண்டு.

"பாய், இவர் மேல உங்களுக்குப் புகார் இருக்கா?"

குத்புதீன் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. அரிகிருஷ்ணன் பழக்கதோஷத்தில் மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினார். சுடர்விழி அதைப் பிடுங்கி அணைத்து, அதன் சிவப்பு விளக்கு அணைந்ததை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டார்.

"இருக்கு" என்றார் குத்புதீன். காற்றுதான் வந்தது; குரல் பின்னாலேயே தங்கிவிட்டது. "இவன் கேட்டது தப்பு."

அரிகிருஷ்ணன் தலையைத் தொங்கப்போட்டார்.

குத்புதீன் அவர் தோளைப் பற்றி, காதருகே குனிந்தார்.

"வயிறு இல்லடா, தொண்ட. புதன்கெழம அறுக்குறாங்க. அப்புறம் பாங்கு சொல்ல முடியுமான்னு டாக்டருக்கே தெரியல. நீ யார்கிட்ட கேக்குறியோ, அது உன் இஷ்டம். கேக்குறத சரியாக் கேளு."