திரும்பாத டோக்கன்

2002இல் ஆபீஸ் வேலையாக ஜெர்மனிக்குப் போயிருந்த கௌதமன், சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே, கையில் பெட்டிகூட இல்லாமல் பெங்களூர் மர்பி டவுன் வீட்டுக்கு வந்து நின்றான். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா மரகதத்திடம் கதை சொன்னான். அங்கே ராஜா காலத்து ஊர் ஒன்றின் கடைக்கோடிப் பேட்டையில் பழைய வெள்ளிச் சுரங்கம் இருக்கிறதாம். டிக்கெட் வாங்கினால் உள்ளே இறங்கிப் பார்க்கலாமாம். பேச்சோடு பேச்சாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை டோக்கனை எடுத்து வைத்தான்.

“கீழ எறங்கறப்ப குடுத்தாங்கம்மா. திருப்பிக் குடுக்க மறந்துட்டேன்.”

மரகதத்தின் கரண்டி அப்படியே நின்றது. கோலார் தங்கவயலில் டோக்கன் திரும்பவில்லை என்றால் ஆள் மேலே ஏறவில்லை என்று அர்த்தம். அவள் புருஷனின் டோக்கன் இருபத்தாறு வருஷமாகத் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

போன் அடித்தது. கௌதமனின் ஆபீஸிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். நேற்று அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் கௌதமன் மட்டும் மேலே வரவில்லையாம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

மரகதம் போனை வைத்துவிட்டு வந்து, அவன் தட்டில் ரசம் ஊற்றினாள்.

“கீழ அப்பாவப் பாத்தியாடா?”

“வாசல்ல பூட்ஸ் கழட்டிட்டு இருக்காரும்மா.”