இருமல் நின்ற கொட்டகை

பல்லடம் பக்கத்தில் நாச்சிமுத்துவின் பிராய்லர் கொட்டகைக்குள் கம்பெனி மைக் வைத்த ஒரு மின்னணுக் காது வைத்திருந்தது. கோழி இருமுவது கேட்டால் போதும், சுக்கும் திப்பிலியும் ஆடாதோடைப் பொடியும் தானாகவே தீவனத்தில் கலந்துவிடும். முன்னோர் வைத்தியம் என்று கம்பெனிக்காரர்கள் கும்பிடாத குறையாகச் சொல்வார்கள்.

கோழிகள் இருமவில்லை. சுவரை ஒட்டிய வீட்டில் படுத்திருந்த அவன் மனைவி வசந்தாமணிதான் இருமினாள். அந்தக் காதுக்குக் கோழியும் ஒன்றுதான், மனுஷியும் ஒன்றுதான்.

"ஏனுங் மாமா, நான் இருமுனா கோழிக்கு மருந்து விழுகுது. எனக்கு மருந்து விழோணும்னா எந்தக் கோழி இருமோணும்?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கொட்டகைக்குள் பொடி கொட்டும் சத்தம் கேட்டது.

"குஞ்சுகள உட்டுப்போட்டு எப்பிடி அம்மிணி நகர்றது? இந்த பேட்ச் லாரி ஏறட்டும், பெரியாஸ்பத்திரிக்கே போயிரலாம்" என்றான். போன பேட்சின்போதும் அதையேதான் சொல்லியிருந்தான்.

லாரி வருவதற்கு முன்பே அவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

அடுத்த மாதம் கம்பெனி அதிகாரி சால்வையோடும் போட்டோகிராபரோடும் வந்து இறங்கினார்.

"மாசக்கணக்கா இருமிட்டிருந்த கொட்டகைங்க இது. இப்ப மூச்சுக் காட்டுதா பாருங்க! எல்லாம் நம்ம மூலிகையோட மகிமை" என்று சால்வையைப் போர்த்தினார். "நீங்களே சொல்லுங்க, இருமல் எப்ப நின்னுச்சு?"

நாச்சிமுத்து தன் வீட்டுச் சுவரைப் பார்த்தான்.

"அமாவாசைக்கு மொத நா, விடியக்காலம் நின்னுச்சுங்க."

அதிகாரி கைதட்டினார். போட்டோகிராபர் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.