வலசைப் பறவைகள்: பூஜ்யம்

முழங்கால் வரை சேறு. காலை உருவி எடுத்தாள். செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

போகட்டும்.

ஜீப்பின் பானெட் மேல் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு மரியசூசை சார் காத்திருந்தார். அவளுடைய மேலதிகாரி. இந்த உப்பங்கழியில் துறைமுகம் கட்டலாமா என்று பார்த்துச் சொல்ல வந்திருக்கும் கம்பெனி அவர்களுடையது. பார்ப்பதற்குக் கிடைத்தது இரண்டே நாள். அதுவும் மே மாதம்.

படிவத்தில் ஒரு வரி மிச்சம். வலசைப் பறவைகள்.

"பூஜ்யம்னு போடும்மா. கண்ணால கண்டதத்தான எழுத முடியும்?"

எரிச்சலே அதுதான். அவர் சொன்னது பொய் இல்லை. இரண்டு நாளும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஆனால் ஓரடிச் சதுரச் சட்டத்தைப் பதித்து, அதற்குள் இருந்த சேற்றை அள்ளிச் சலித்திருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு புழுக்கள். ஓரடிக்குள்!

புழுவின் காலம் நாள் கணக்கு. பிறக்கும், துளைக்கும், செத்துப்போகும்.

அதைத் தின்ன வடக்கிலிருந்து வரும் உள்ளான் பறவைகளுக்கு வருடக் கணக்கு. டிசம்பரில் சேறே தெரியாமல் நிற்கும். கோடை பிறந்தால் வடக்கே திரும்பிவிடும், ஒன்றும் இருக்காது.

இரண்டையும் தாங்கும் சேறு, நூற்றாண்டுக் கணக்கில் படிந்தது.

இரண்டு நாள் பார்த்தால் புழு மட்டும்தான் தெரியும். இது மரியசூசை சாருக்குத் தெரியாதா என்ன? இதே படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தெரிந்தேதான் மே மாதத்தில் கூட்டி வந்திருக்கிறார்.

பூஜ்யம் விழுந்தால் போதும். கல்லைக் கொட்டி நிரப்பிவிடுவார்கள்.

"மேல இருந்து அவசரப்படுத்துறாங்க. ஒன் கான்ட்ராக்டும் இந்த மாசத்தோட முடியுது, பாத்துக்க."

அவருக்கு மேலே ஒருவர். அந்த ஒருவருக்கும் மேலே இன்னொருவர். எல்லோருக்கும் அடியில் அவள்.

ஆனால் களத்தில் இறங்கியவள் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளும் மேலே நகராது. விதி அப்படி.

பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பேனாவை வாங்கினாள். மரியசூசை சார் நிம்மதியாகக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பறவைகளுக்கான வரியை வெறுமனே விட்டாள். கையெழுத்துக்கான கட்டத்தையும் விட்டாள்.

தேதி என்ற இடத்தில் மட்டும், டிசம்பர் பத்து என்று அழுத்தி எழுதினாள்.