அந்த ஒரு வருஷத்துப் பிரசங்கங்கள்

"முப்பது வருஷமா நீங்க பேசினது எல்லாமே நல்லாதான் இருந்துச்சு, ஐயா. ஆனா புத்தகமாப் போடுறதுன்னா, உங்க வீட்டு அம்மா தவறின அந்த வருஷத்துப் பிரசங்கங்களை மட்டும் போடலாம்னு சபையில எல்லாரும் சொல்றாங்க."

சபைச் செயலாளர் இதைச் சொன்னபோது போதகர் புத்தக அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிரிவுபசாரம். திங்கட்கிழமை வீட்டைப் புதிய போதகரிடம் ஒப்படைக்க வேண்டும்.

"அதெல்லாம் பழைய பேச்சு. இப்ப எதுக்கு?"

"உங்களுக்குப் பழசு. எனக்கு இல்ல." செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பையன் போனதும் அதே வருஷம்தான். வாழவே பிடிக்காம கிடந்தேன். அப்ப வேதத்துல வர்ற மார்த்தாளைப் பத்திப் பேசினீங்க பாருங்க. தம்பியைப் பறிகொடுத்தவ ஆண்டவரைக் கும்பிட்டுட்டு நிக்கல, 'ஏன் இவ்வளவு தாமதமா வந்தீரு'ன்னு சண்டைக்குப் போனா, அவரும் கோவிச்சுக்கலன்னு சொன்னீங்க. அன்னிக்குத்தான் வீட்டுக்குப் போய் வாய்விட்டு அழுதேன். அப்புறம்தான் தொண்டையில சாப்பாடு இறங்குச்சு."

போதகர் அடுத்த புத்தகத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தார். மனைவியை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறே மேடை ஏறியவர் அவர். அந்த வருஷம் முழுக்க வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிந்தது. ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரோடு பேசுவது போலிருந்தது. ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறாமல் மேடையில் நின்றார்.

"எழுதி வெச்ச தாளெல்லாம் இருக்குல்ல, ஐயா?"

"இருக்கு. நாளைக்குச் சொல்றேன்."

செயலாளர் போனதும் போதகர் மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்துக்கொண்டு, தெருக்கோடித் தையல் கடைக்கு நடந்தார்.

"வாங்க பாஸ்டர்." தையற்காரர் மெஷினை நிறுத்தினார்.

"வந்துட்டேன், மாஸ்டர்."

பாஸ்டரும் மாஸ்டரும் என்பது அந்தத் தெருவின் பழைய கேலி. வந்த புதிதில் பிரசங்கத்தை வீட்டில்தான் சொல்லிப் பார்ப்பார் போதகர். "எனக்குத் தூக்கம் சொக்குதுங்க. தூங்காத ஆளாப் பாத்துச் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே விரட்டியவள் மனைவிதான். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் வெட்டுத் துணிகளுக்கு நடுவே அவருக்கு ஓர் இடம் உண்டு.

தையற்காரர் கோயில் படியை ஒரு நாளும் மிதித்ததில்லை. "கடவுள்ங்கிறவரு அளவு குடுத்துட்டுத் துணி வாங்க வராத ஆளு, பாஸ்டர். அவரை நம்பி நான் உக்காந்திருக்க முடியாது" என்பார். ஆனால் பித்தான் தைத்தபடியே ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். "இந்த இடம் இழுவை. கொஞ்சம் பிடிச்சுத் தைக்கணும்" என்பார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

போதகர் தாள்கட்டைத் துணி வெட்டும் பலகைமேல் வைத்துவிட்டுச் செயலாளர் வந்துபோன கதையைச் சொன்னார்.

"போடட்டுமே. நல்ல காரியம்தானே?"

"எந்த முகத்தோட இதைத் தூக்கிக் குடுப்பேன்?"

"மகனைப் பறிகொடுத்த மனுஷன் சாப்பிட ஆரம்பிச்சாருன்னு சொன்னீங்களே, அது போதாதா?"

"அந்த வருஷமே மேடையில நின்னு உண்மையைச் சொல்லிடணும்னு மூணு தடவை வாயெடுத்தேன். நாக்கு எழும்பல. ஞாயித்துக்கிழமை சொல்லாம இறங்க மாட்டேன்."

"சும்மா இருங்க, பாஸ்டர். ஆறின புண்ணை எதுக்குக் கீறணும்? அம்மா இருந்தா உங்களைத் திட்டுவாங்க."

"அவ இருந்தா முதல்ல சொல்லச் சொல்றவளே அவதான்."

தையற்காரர் ஊசியில் நூலைக் கோத்தார். அந்த அம்மாளை அவருக்கும் தெரியும். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

"பேசினது நான், எழுதினது நீங்கன்னு சொல்லணும், மாஸ்டர்" என்றார் போதகர் மெல்ல. "அம்பத்திரண்டு வாரமும் எழுதிக் கையில குடுத்து மேடைக்கு அனுப்பினீங்களே."

"நானா எழுதினேன்? அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷமா இங்க உக்காந்து நீங்க எனக்குச் சொன்னதுதான் அது. அந்த வருஷம் உங்களுக்கு மறந்து போச்சு, எனக்கு மறக்கல."