பேரோடு வந்த கண்

மதுரைக்குக் கிளம்புமுன் நஸீரா, தன் கையால் கிண்டிய தொதலை ரம்ஜான் பீவி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அதைப் பார்த்த நஸீராவின் உம்மா உம்மு ஹபீபாவுக்கு வயிறு எரிந்தது. மகளை நாலு பேர் நடுவில் அசிங்கப்படுத்தியவளுக்கு இனிப்பு ஒரு கேடா?

போன வருஷம் அந்த ரம்ஜான் பீவி, கொழும்பில் கடை வைத்திருக்கும் தன் மகன் சீனி முகம்மதுக்குப் பெண் பார்க்கக் கீழக்கரையில் இவர்கள் வீட்டுக்கு வந்தாள். நஸீராவின் இடது இமை பாதிக் கண்ணை மூடித் தொங்குவதைப் பார்த்ததும், "பொண்ணு ஒக்காந்துக்கிட்டே தூங்குதே" என்றாள். கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து தெருவில் நஸீரா என்ற பெயரே மறந்துபோனது. 'தூங்குமூஞ்சி' என்றால்தான் ஆளைத் தெரிந்தது. பச்சைப் பிள்ளைகூட அதைச் சொல்லிச் சிரித்தது.

இப்போது அதே ரம்ஜான் பீவி, "கண்ணை அறுத்துச் சரி பண்ணிட்டா நிக்காஹ் வச்சுக்கலாம்" என்று ஆள் அனுப்பியிருந்தாள். ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பெற்றவர்கள் நஸீராவுக்கு எழுதிவைக்கப்போவது கடலைப் பார்த்த மச்சுவீடு. அந்த அம்மாளுக்குப் பெண்ணின் கண்ணில்தான் குறை தெரிந்ததே தவிர, வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லை.

உம்மு ஹபீபா விளக்குமாற்றைத் தேடினாள். அதற்குள் நஸீரா, "சம்மதம்னு சொல்லிருங்க" என்றுவிட்டாள். தொண்டியிலிருந்து பாக்கர் வீட்டார், "கண்ணு அதுபாட்டுக்கு இருக்கட்டும், எங்களுக்குப் புள்ளையப் புடிச்சிருக்கு" என்று கேட்டு வந்ததையும் வேண்டாம் என்றாள்.

ரயிலில் வழிநெடுக உம்மு ஹபீபா பொருமிக்கொண்டே வந்தாள். "அவ வாயில மண்ணு விழ. உப்புத் தின்னவ தண்ணி குடிக்காமலா போவா?"

"குடிப்பாக உம்மா" என்றாள் நஸீரா அமைதியாக. இத்தனைக்குப் பிறகும் மரியாதை குறையாமல் பேசுகிறாளே என்று பெற்றவளுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

கண் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். "பொறந்ததுல இருந்தே இப்படியா? வீட்டுல வேற யாருக்காவது உண்டா?"

"இவ வாப்பாவுக்கு இருக்கு. அவுகளைப் பெத்த என் மாமிக்கும் இருந்துச்சு" என்றாள் உம்மு ஹபீபா. "மொதப் பொம்பளப்புள்ளன்னு அந்த மாமி பேரைத்தான் இவளுக்கு வச்சோம். பேரோட கண்ணும் சேந்து வந்துருச்சு."

டாக்டர் சிரித்தார். "ஆபரேஷன் பண்ணலாம். ஆனா இமையைக் கொஞ்சம் கூடுதலாத் தூக்கிட்டா, தூங்கும்போதுகூடக் கண்ணு முழுசா மூடாது. யோசிச்சுச் சொல்லுங்க."

உம்மு ஹபீபா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் புள்ள. வா, வீட்டுக்குப் போவோம்."

நஸீரா நகரவில்லை. "எனக்குச் சரி பண்ணிட்டா, பொறக்குற புள்ளைகளுக்கு இது வராதுல்ல டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. கத்தி உன் கண்ணைத்தான் சரி பண்ணும். புள்ளைகளுக்கு வரலாம்."

பிறக்காத பிள்ளைக்காக இப்போதே கவலைப்படுகிறாளே என்று உம்மா அவள் முதுகைத் தடவினாள். நஸீராவோ தலையை ஆட்டி, "ஆபரேஷன் பண்ணிருங்க" என்றாள்.

வராந்தாவுக்கு வந்ததும் உம்மு ஹபீபாவால் அடக்க முடியவில்லை. "தொண்டிக்காரக ஒன்னை இருக்குறபடியே கேட்டாக. அதை விட்டுட்டு இந்த ரம்ஜான் பீவி வீட்டு மேல அப்படி என்ன ஆசை? அந்தப் பொம்பள சொன்னதை மறந்துட்டியா?"

"ஒரு எழுத்துக்கூட மறக்கல உம்மா." நஸீரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "எனக்கு மொதப் பொம்பளப்புள்ள பொறந்தா யாரு பேரு வைக்கணும்?"

"மாப்பிள்ளையப் பெத்தவுக பேருதான். காலம்காலமா அதுதானே வழக்கம்." சொல்லி முடித்த உம்மு ஹபீபா சட்டென்று மகளின் கண்ணைப் பார்த்தாள்.

தொங்கிய இமைக்குக் கீழே நஸீராவின் பாதிக் கண் சிரித்தது.

"இனிமே தெரு பூரா சொல்லட்டும் உம்மா, 'ரம்ஜான் பீவி ஒக்காந்துக்கிட்டே தூங்குது'ன்னு."