வலப்பக்கத்துக் குறட்டை

“இந்தக் கட்டில் கெட்டுப்போன அப்புறம்தான் தம்பி நான் நிம்மதியாத் தூங்கறேன். ஆனா இவருக்கு ஆகாதே. சரி பண்ணிக் குடுத்துடுங்க.”

பக்கத்தில் கணவர் நிற்க, சுவரோர நாற்காலியில், தன் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார் அந்த அம்மா.

நான் டார்ச்சை வாயில் கவ்வியபடி கட்டிலுக்கு அடியில் கிடந்தேன்.

சாதாரணக் கட்டில் இல்லை அது. படுத்தவரின் மூச்சைக் கவனிக்கும். நாடித்துடிப்பைக் கவனிக்கும். தூக்கத்தில் குறட்டை வந்தால் தலைப்பக்கத்தை உயர்த்தி அடக்கும். அறையைக் குளிர வைக்கும், விளக்கைத் தணிக்கும், அவரவர் தலையணைக்குள் மழைச் சத்தம் போடும். முதுகில் தட்டிக்கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

பெரியவருக்கு இதய ஆபரேஷன் ஆனதும் மகள் வாங்கி அனுப்பியதாம். குறட்டை கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வந்த புதிதில் கட்டில் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. குறட்டை போயே போச்சு. கூடவே அம்மாவின் தூக்கமும்.

புல்டோசர் பக்கத்தில் படுத்துப் பழகியவருக்குத் திடீரென்று அப்படியொரு நிசப்தம். எழுந்து எழுந்து அவர் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாராம்.

அப்புறம் குறட்டை திரும்பி வந்தது. கட்டில் அசையவே இல்லை. போதாக்குறைக்கு, கட்டிலோடு வந்த ஆப், மனிதர் விடிய விடிய விழித்திருப்பதாகக் காட்டியது.

குறட்டை விடுகிற ஆள் முழித்திருக்கிறாராம். பழுது என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மோட்டாரில் குறையில்லை. சென்சாரிலும் இல்லை. வெளியே வந்து, பெரியவரைப் படுத்துக் காட்டச் சொன்னேன்.

படுத்தார். கண்கள் சிவந்து, இமைகள் வீங்கியிருந்தன. மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தது. பட்டப்பகலில் ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கிற குறட்டை.

கட்டில் அசையவில்லை. என் டேப்லெட்டில், அவர் படுத்திருந்த வலப்பக்கத்துக் கோடு உச்சியிலேயே நின்றது. விழிப்பு.

மென்பொருள் கோளாறுதான் என்று சொல்லத் திரும்பினேன்.

அம்மா மடியிலிருந்த தலையணைமேல் கவிழ்ந்து தூங்கிப்போயிருந்தார்.

மறுபடி கட்டிலைப் பார்த்தேன். பெரியவரின் ஒரு கண் திறந்திருந்தது. அது நேராக என்னையே பார்த்தது.

உதட்டின்மேல் விரல் வைத்தார். ஒரு குறட்டைக்கும் அடுத்த குறட்டைக்கும் நடுவே கிசுகிசுத்தார்.

“நிறுத்தினா முழிச்சிடுவா தம்பி.”

எத்தனை ராத்திரியாக என்று கேட்க வாயெடுத்தேன். அந்தக் கண்ணே சொன்னது.

டேப்லெட்டில் அம்மாவின் தலையணைச் சத்தங்களைத் திறந்தேன். மழை, கடல், காடு. டேப்லெட்டை அவர் வாயருகே பிடித்து, நாலாவதாக ஒன்றைப் பதிவு செய்தேன். அதை அவருடைய மூச்சோடு இணைத்தேன். அவர் இழுத்தால் அது இழுக்கும். அவர் விட்டால் அது விடும். அவர் மூச்சு நின்றால் அதுவும் நின்றுவிடும். அந்த அம்மாவிடம் பொய் சொல்கிற தலையணையைக் கொடுத்துவிட்டு வர எனக்கு மனசில்லை.

சத்தத்துக்குப் பெயர் கேட்டது டேப்லெட். ‘இவர்’ என்று அடித்தேன்.

மடியிலிருந்த தலையணை குறட்டை விடத் தொடங்கியது.

பெரியவர் பயந்து பயந்து வாயை மூடினார். அம்மா அசையவில்லை. பெரியவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, சத்தமில்லாமல் பெட்டியில் அடுக்கினேன். அவசரப்படவில்லை.

கதவருகே போனபோது முதுகுக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு குறட்டை கேட்டது. மோட்டார் மெல்ல முனகியது.

திரும்பிப் பார்த்தேன். கட்டிலின் தலைப்பக்கம் தானாக உயர்ந்துகொண்டிருந்தது.